புயல் பார்க்கும் அன்பர்களும் நம் குடோனும்

ஐப்பசி பிறந்துவிட்டால் ராஜாஜி மார்க்கெட் பக்கம் காலையில் காதில் விழும் முதல் பேச்சு பருப்பு விலை அல்ல. "அண்ணே, கடலில் ஏதாவது சுழி இருக்கா?" என்பதுதான். முன்பு நமக்கு வானொலிச் செய்தி ஒன்றுதான் கதி. பிறகு தொலைக்காட்சியில் வானிலை மைய இயக்குநர் ரமணன் அவர்கள் தோன்றினால் பிள்ளைகள் பள்ளி விடுமுறை உண்டா என்று பார்ப்பார்கள். நாம் லாரியை நிறுத்துவதா வரச் சொல்வதா என்று பார்ப்போம். அவர் 2016-ல் பணி ஓய்வு பெற்றார். இன்று அரசு மையத்தோடு, இதற்காக யாரிடமும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் சிலரும் புயலைப் பார்த்து நமக்குச் சொல்கிறார்கள்.

'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜானை அறியாத கடைக்காரர் குறைவு. அவர் வானிலைத் துறை அதிகாரி அல்லர், ஆர்வத்தால் கற்றுக்கொண்டவர். 2015 பெருமழையும் 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலும் இத்தகையவர்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. பெயர் வெளியே தெரியாமல் மொட்டை மாடியில் மழைமானி வைத்து, காலை 8.30 மணிக்கு அளவு குறித்துக்கொள்ளும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பலர். கடல் நீரின் சூடு 26.5 டிகிரிக்கு மேல் இருக்கிறதா, மேல் காற்றும் கீழ்க் காற்றும் வெவ்வேறு பக்கம் இழுக்கின்றனவா, ஐரோப்பிய மாடல் என்ன சொல்கிறது, அமெரிக்க மாடல் என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இவர்கள் வேலை. நாம் நாலு மண்டி விலை கேட்டு ஒரு முடிவுக்கு வருவதைப் போலத்தான்.

இது புதிய வழக்கமும் அல்ல. 'சைக்ளோன்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் வணிகக் கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட ஹென்றி பிடிங்டன் என்பவர்தான். கப்பல்காரர்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் புயல் எப்படிச் சுழல்கிறது என்று ஆராய்ந்து, 1848-ல் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரைத் தந்தார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. வங்காளத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த இடம் வேண்டாம், புயல் நீர் வந்து அடித்துவிடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரலுக்கே எழுதினார். கேட்பார் இல்லை. போர்ட் கானிங் என்ற பெயரில் துறைமுகம் எழுந்தது. 1867-ல் வந்த புயலோடு அது படுத்துவிட்டது. எச்சரித்த மனிதர் அதற்குள் காலமாகியிருந்தார். அதில் பணம் போட்ட வியாபாரிகள் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேளாக் காது அந்தக் காலத்தவருக்கு மட்டும் சொந்தமல்ல. என் கதையையே சொல்கிறேன்.

2024 நவம்பர் 25 வாக்கில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆனது. 27-ம் தேதி புயலாகும், சவூதி அரேபியா தந்த ஃபெஞ்சல் என்ற பெயர் சூட்டப்படும் என்றார்கள். 27 போயிற்று, ஆகவில்லை. 28-ம் தேதி, புயலாகாமலே கரைக்கு வரும் என்ற செய்தி வந்தது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது. சேலத்தில் ஒரு லோடு வெல்லம் பேசி வைத்திருந்தேன். கார்த்திகை தீபம் நெருங்கும் நேரம். "ஏற்றி அனுப்புங்கள்" என்று போன் செய்துவிட்டேன்.

தம்பி மகன் கடையில் உடன் இருக்கிறான். இந்த ஆர்வலர்கள் எழுதுவதை எல்லாம் விடாமல் படிப்பவன். "பெரியப்பா, பெயர் வைக்கலேன்னா மழை இல்லைன்னு அர்த்தம் இல்லை. இது ரொம்ப மெதுவா நகருது. ரெண்டு நாள் பொறுங்க" என்றான். சின்னப் பையன் பேச்சு என்று தள்ளிவிட்டேன்.

29-ம் தேதி பிற்பகல் அது புயலாகிவிட்டது. 30-ம் தேதி நண்பகல் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, கடந்த பிறகும் போகாமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவில். என் லோடு விழுப்புரம் சாலையில் வந்து திண்டிவனம் அருகே மாட்டிக்கொண்டது. தார்ப்பாய் காற்றில் கிழிந்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது பாதி மூட்டை பாகாக ஒழுகிக்கொண்டிருந்தது. டிரைவர் பிழைத்து வந்ததே போதும் என்று கணக்கை மூடினேன். அந்தப் புயலின் மிச்சம் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் மாண்டார்கள். அதற்கு முன் வெல்லம் என்ன பெரிது.

நான் செய்த தவறு எது என்று பிறகுதான் விளங்கியது. காற்று மணிக்கு 61 கிலோமீட்டர் என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 என்றால் புயல். பெயர் காற்றுக்கு வைப்பது. மழைக்கும் அதற்கும் அவ்வளவு தொடர்பு இல்லை. 2015 டிசம்பர் 1-ம் தேதி புயல் எதுவும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஆகவே "புயலா, இல்லையா" என்று கேட்பதை விட்டு, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, எந்தச் சாலையின் மேல் மழை நிற்கும் என்று கேட்க வேண்டும். நல்ல ஆர்வலர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அவர்களும் தவறுவது உண்டு. தவறினால் ஒப்புக்கொள்பவரைத்தான் நான் நம்புகிறேன். எந்தத் தேதியில் யார் பேசியது என்றே தெரியாமல் செல்போனில் சுற்றி வரும் குரல் பதிவுகளைக் கேட்டுக் கடையை மூடாதீர்கள். எச்சரிக்கை விடும் பொறுப்பு அரசு வானிலை மையத்துக்கே என்பதை அந்த ஆர்வலர்களே எழுதுகிறார்கள்.

நம் ஊருக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. அடைமழை பிடித்தால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் தண்ணீர் ஊறும். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு வாரம் தறி ஓசை நின்றால், மறுவாரம் மளிகைக் கடையில் கடன் நோட்டுதான் தடிக்கும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர் என்று எல்லாரும் அடுக்குகிறோம். அவை இரண்டு நாள் சரக்கு. நெசவாளர் வீட்டுக்கு வேண்டியது அரிசி, பருப்பு, எண்ணெய். மழை எத்தனை நாள் என்று முன்கூட்டித் தெரிந்தால், எவ்வளவு சரக்கைக் கடனுக்கு ஒதுக்குவது என்று நாமும் கணக்குப் போடலாம். கையில் காசில்லாத வாரத்தில் விலை ஏற்றுபவரை அந்தத் தெரு எளிதில் மறக்காது.

இப்போது எங்கள் குடோன் மாடியிலும் தம்பி மகன் ஒரு மழைமானி வைத்திருக்கிறான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். அது வடிய ஒரே ஒரு குழாய் வைத்துக் கட்டியிருந்தேன். கணக்குப் பார்த்த அன்றே இன்னும் இரண்டு போடச் சொன்னேன். தினமும் 8.30-க்கு அளவைச் சிட்டையில் எழுதிவிட்டுத்தான் ஷட்டர் தூக்குகிறோம். மார்க்கெட், பிள்ளையார்பாளையம், பாலாற்றுப் பக்கம் என்று நாலு இடத்தில் உறுப்பினர்கள் இப்படி வைத்தால் ஊர் முழுதும் பெய்த மழை நமக்கே தெரியும். விருப்பம் உள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மானியை எந்த இடத்தில் வைப்பது என்று பையனே வந்து காட்டுவான்.