டயாலிசிஸ் குழந்தையின் தாகம்: விரலால் அழுத்தினால் அடங்குமா?

சித்திரை வெயிலில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தண்ணீர் கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? டயாலிசிஸில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாததால் குடித்ததில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். முகமும் காலும் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சுத் திணறும். அத்தனையையும் அடுத்த டயாலிசிஸில் நாலு மணி நேரத்துக்குள் இழுத்தால் பிரஷர் சட்டென்று இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தாகத்துக்குத்தான் அக்குபிரஷரைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அழுத்தும் இடங்கள் இரண்டு: தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு மேலே நடுக்கோட்டில் ஒன்று, காது மடலின் அடியில், பின்பக்கப் பள்ளத்தில் இன்னொன்று. உமிழ்நீர்ச் சுரப்பிகள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. தைவானில் ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர்களிடம் இதைச் சோதித்து 2010-இல் ஆய்வு வெளியானது. உமிழ்நீர் சற்றுக் கூடியது, தாகம் குறைந்ததாக நோயாளிகளும் சொன்னார்கள். ஆனால் தாகத்துக்கு நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அளவுகோல் இல்லை; யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதே பாதித் தாகத்தைத் தீர்த்துவிடலாம். பெரியவர்களிடம் கிடைத்த பலனைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது.

வாய் வறட்சியை அக்குபிரஷர் தணிக்கலாம். தாகத்தின் வேர் வேறு இடத்தில், உப்பில் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம் கூடியதும் மூளை தண்ணீர் கேட்கும். எந்த அழுத்தமும் அதை வாயடைக்காது. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதிலும் குறைவு. நம் வீட்டுத் தட்டிலோ ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு. சாயங்காலம் சாத்தூர் காராச்சேவு. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. அதுவும் சோடியம்தான். 'லோ சோடியம்' உப்பு இன்னும் ஆபத்து: அதில் பொட்டாசியம் இருக்கிறது, டயாலிசிஸ் பிள்ளைக்கு அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெயிலுக்கு இதமான இளநீரையும் மாம்பழத்தையும் டாக்டர்கள் தடுப்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்பதைப் பிள்ளைக்கு வெளியேறும் சிறுநீர், உடல் அளவு இரண்டையும் பார்த்து டாக்டர் சொல்வார். அதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடலாம். பால், ரசம், கஞ்சி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். ஐஸ் துண்டும் கணக்கில் சேரும். வாய் கொப்பளித்துத் துப்புவது சேராது. விழுங்காமல் துப்பும் வயது வந்த பிள்ளைக்கு அது நல்ல வழி.

இதையெல்லாம் செய்துகொண்டே அழுத்திப் பார்ப்பதானால், முதலில் டயாலிசிஸ் நர்ஸிடம் கேளுங்கள். பல பிள்ளைகளுக்குக் கழுத்திலேயே டயாலிசிஸ் குழாய் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுப்பதால் பலமாக அழுத்தினால் கன்றிப்போகும். கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் ரத்தக்குழாயையும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையையும் தொடாதீர்கள். பிள்ளை வலிக்கிறது என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும்.