ஒரகடத்தில் ஒரு எல்.கே.ஜி. சீட்: ஃபீஸ் கட்டப்போவது யார்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் பஸ்கள் ஓய்வதே இல்லை. கார், பைக், மொபைல் ஆலைகளை நம்பி வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் வீட்டில் ஒரே பேச்சுதான்: அரசுப் பள்ளியா, பிரைவேட்டா? பிரைவேட்னா ஃபீஸுக்கு எங்கே போறது?

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் அந்தச் சேர்க்கை, 2025-ல் அக்டோபரில்தான் தொடங்கியது. ஏன்?

வவுச்சர்னா என்ன?

அரசு பணத்தைப் பள்ளிக்குத் தராமல் மாணவர் பெயரில் ஒதுக்கும். பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்கிறதோ, பணமும் அங்கே போகும். 1955-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த யோசனை இது. சிலி நாடு 1981-ல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம்ம ஊர்ல இருக்கா?

அந்தப் பெயரில் இல்லை. கிட்டத்தட்ட அதேபோல இருப்பது, கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25% ஒதுக்கீடு. சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் கால்வாசி இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும். 8-ம் வகுப்பு வரை கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். பள்ளியின் கட்டணம், ஒரு மாணவருக்கு அரசு செலவிடும் தொகை - இதில் எது குறைவோ அது.

2025-ல் என்ன சிக்கல்?

சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60%, மாநிலத்தின் பங்கு 40%. தேசிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திடவில்லை. 2024-25-க்கான ரூ.2,152 கோடி நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஆர்.டி.இ. சேர்க்கையும் நின்றது.

ஜூன் 10, 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் இரு தரப்புக்கும் சொன்னது: ஆர்.டி.இ. நிதியைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போடத் தேவையில்லை. மத்திய நிதி வரவில்லை என்று மாநிலமும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது, ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளே கணக்கில் வந்தார்கள். ஜூனில் ஃபீஸ் கட்ட முடியாமல் ஒதுங்கிய குடும்பம்? அதற்குத்தான் இந்தச் சட்டமே. அந்தக் குடும்பம் வெளியே நின்றது.

பிரைவேட்டில் சேர்த்தா நல்லா படிப்பாங்களா?

ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் தந்து நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும். 2015-ல் வெளியான முடிவு: தெலுங்கு, கணக்கில் வித்தியாசம் இல்லை, இந்தியில் முன்னேற்றம். ஆனால் தனியார் பள்ளிகள் ஒரு மாணவருக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வவுச்சர் ஆதரவாளர்கள் செலவைக் காட்டுகிறார்கள். எதிர்ப்பாளர்கள் மதிப்பெண்ணைக் காட்டுகிறார்கள். சிலியோ, ஏழை - பணக்காரப் பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளாகப் பிரிந்துபோனதைப் பார்த்து, 2015-ல் சட்டத்தைத் திருத்தியது.

இந்தப் பகுதிக்கு இதில் என்ன?

ஆர்.டி.இ. விண்ணப்பத்துக்கு இருப்பிடச் சான்று வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. கான்ட்ராக்ட் வேலைக்காக வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு முதல் தடை இங்கேயே. அரசுத் தொடக்கப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் தனியார் பள்ளியில் இல்லை.

அரசுப் பள்ளி அப்படியல்ல. வருஷத்தின் நடுவில் ஊர் மாறி வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். குலுக்கலில் பெயர் வராத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. வவுச்சரா, அரசுப் பள்ளியா என்று வாதிடும்போது, முதலில் நிதி போய்ச்சேர வேண்டிய இடம் எது என்பதற்கு இந்தச் சாலையோரக் குடும்பங்களிடம் பதில் இருக்கிறது.