வெறும் வண்டி ஏன் குதிக்கிறது?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா மகன் ஒருவர் எனக்கு உண்டு. வைகாசியில் போயிருந்தபோது டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "வண்டிய மாத்திடலாம்னு இருக்கேன்ப்பா. நீதான் அறிவியல் எழுதுறவனாச்சே, ஒரு வார்த்தை சொல்லு" என்றார். அண்ணி சமையலறையிலிருந்தே, "அவரு முடிவு பண்ணிட்டாரு. சாட்சிக்கு ஆள் தேடுறாரு" என்றார்.

அண்ணனிடம் இருப்பது 2021இல் எடுத்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். அவர் கண் வைத்திருப்பது டொயோட்டா ஹைலக்ஸ். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. இந்த ரகத்தில் நம் ஊர்க் கடைவீதியில் பேசப்படும் பெயர்கள் ஏறக்குறைய இந்த இரண்டுதான். ஹைலக்ஸ் என்ற பெயர் 1968லிருந்து உலகம் முழுக்க ஓடுகிறது. டி-மேக்ஸ் 2002இல் தாய்லாந்தில் பிறந்தது. வி-கிராஸ் 2016இல் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் இருக்கும் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வெளிவந்தது. ஹைலக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2022இல். அப்போது தொடக்க விலையே 33.99 லட்சம்.

அண்ணனின் முதல் குறை, வெறும் வண்டியில் போனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்பது. மூட்டை ஏற்றினால் ரயில் மாதிரி போகிறதாம், இறக்கிவிட்டுத் திரும்பும்போது இடுப்பு கழன்றுவிடுகிறதாம். "இது கம்பெனி கோளாறு. அதுல இந்தத் தொல்லை இருக்காது" என்றார்.

இருவரும் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தோம். பின் அச்சுக்கு இரண்டு பக்கமும், நீளமான எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே பெரியதும் கீழே சிறியதுமாய் அடுக்கி நடுவில் கட்டுப் போட்டிருந்தது. லாரிக்காரர்கள் பட்டை என்பார்கள். நம் தாத்தாக்கள் இதை வில் என்றார்கள். மாட்டு வண்டிக்கு இதைப் பூட்டியபோதுதான் அது வில்வண்டி ஆனது. பெண் பார்க்கவும் கோயிலுக்கும் போகிறவர்கள் வில்வண்டியில் போனார்கள், நெல் மூட்டை கட்டை வண்டியில் போனது. இன்றைக்குத் தலைகீழ். ஆட்கள் போகும் காருக்குச் சுருள் வில், சுமை போகும் வண்டிக்குப் பட்டை.

பட்டையின் சங்கடம் இதுதான். முழுச் சுமையிலும் தரை தட்டாமல் நிற்க வேண்டுமென்று அது விறைப்பாகச் செய்யப்படுகிறது. அந்த விறைப்பு வெறும் வண்டிக்கு மிக அதிகம். ஒரு வில்லின்மேல் எடையை வைத்தால் அது எவ்வளவு தாழ்கிறதோ, அதை மட்டும் வைத்தே அது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் நொடிக்கு 2.2 ஆட்டம். பத்து தாழ்ந்தால் 1.6. பதினைந்து தாழ்ந்தால் 1.3. சொகுசான கார்கள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் ஆடுபவை, அதனால்தான் தொட்டில் போலிருக்கிறது. ஆட்டத்தின் உயரம் ஒன்றேயானாலும், உடம்பில் விழும் உதைப்பு அந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறும். 1.2 இடத்தில் 2.2 என்றால் உதைப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

இதைச் சொல்லால் நம்பவைக்க முடியாது என்று தெரிந்ததால், என் செல்பேசியில் இருந்த ஃபைஃபாக்ஸ் செயலியைத் திறந்தேன். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செய்து இலவசமாக விட்டிருப்பது. பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியை அது ஆய்வுக்கூடக் கருவியாக மாற்றிவிடுகிறது. பேசியைத் தொட்டியின் தரையில், பின் அச்சுக்கு நேர்மேலே, சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம். அண்ணன் பின் பம்பரில் ஏறி ஒரு குதி குதித்து இறங்கினார். திரையில் அலை எழுந்து சில நொடியில் அடங்கியது. முகடுகளை எண்ணினால் நொடிக்கு 2.2க்குப் பக்கம். பிறகு களத்திலிருந்து ஐம்பது கிலோ மூட்டை ஆறு ஏற்றினோம். அதே குதி. இப்போது 1.8. வேலைக்கு வந்திருந்த பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மூன்றாம் முறையும் குதித்தார். அது அளப்பதற்காக இல்லை என்று நினைக்கிறேன்.

ஆக, இது வண்டிக்கு வந்த நோய் இல்லை. சுமை வண்டி என்ற பிறப்பின் குணம். ஹைலக்ஸின் பின்னாலும் இதே பட்டைதான், இதே முழு அச்சுதான். முப்பத்துச் சொச்சம் லட்சம் கொடுத்தாலும் வெறும் வண்டி குதிக்கத்தான் செய்யும்.

ஆனால் அண்ணன் சொன்னதில் இன்னொரு உண்மை ஒளிந்திருந்தது. நான் ஓட்டிப் பார்த்தபோது, நொடிக்கு இரண்டு முறை ஆடும் ஆட்டத்துக்கு மேலே பொடிப்பொடியாக ஒரு அதிர்வும் இருந்தது. பின் அச்சு, டிஃபரன்ஷியல், சக்கரம் எல்லாம் சேர்ந்த இரும்புப் பாரம் டயர் என்ற காற்றுப் பந்தின்மேல் நொடிக்குப் பத்து முறைபோலத் துள்ளும் அதிர்வு அது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் நொடிக்கு நான்கிலிருந்து எட்டு வரையிலானதைத்தான் சற்றும் பொறுக்காது. வயிறும் முதுகெலும்பும் அங்கே கூடவே ஆடத் தொடங்கிவிடும். பத்து அந்த வேலிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

"காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"நாப்பது. பஞ்சர் கடைப் பையன் எப்பவும் நாப்பதுதான் அடிப்பான். லோடு வண்டியாச்சே."

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். வெறும் வண்டிக்கு எவ்வளவு, சுமைக்கு எவ்வளவு என்று அதில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டாக அதன்மேல் மாரியம்மன் படம் ஒட்டியிருந்தது. அம்மனைப் பக்குவமாக நகர்த்திவிட்டு, அதில் சொன்ன அளவுக்குக் காற்றைக் குறைத்தோம். பட்டைத் தகடுகளுக்கு இடையில் ஏறியிருந்த செம்மண்ணையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில் வளையும். மண் ஏறி இறுகிப்போனால் சின்னப் பள்ளத்துக்கு அது வளைவதே இல்லை, கட்டைபோல அப்படியே இடிக்கும். அன்று மாலை வெள்ளக்கடை வரை போய்வந்தோம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு மட்டும் போட்டார்.

இரண்டாவது, குதிரைத்திறன். வி-கிராஸில் 1.9 லிட்டர் எஞ்சின், 163 குதிரை. ஹைலக்ஸில் 2.8 லிட்டர், 204 குதிரை. முறுக்குவிசை இங்கே 360 நியூட்டன் மீட்டர், அங்கே ஆட்டோமேட்டிக் கியரில் 500. காகிதத்தில் பார்த்தால் மாமனுக்கும் மருமகனுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மலை ஏற உண்மையில் எவ்வளவு வேண்டும்? சரக்கும் ஆளுமாய் இரண்டரை டன் எடை, பத்துக்கு ஒன்று ஏற்றம், மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சக்கரத்தின் உருளல் தடையையும் சேர்த்து 32 குதிரை போதும். சேலத்திலிருந்து வரும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதைவிட வேகமாகப் போகிறவரோடு நான் உட்கார்ந்து வரமாட்டேன். 163 குதிரையில் பாதிக்கு மேல் லாயத்தில் சும்மா நிற்கிறது. 204 வந்தால் சும்மா நிற்பவை கூடும், அவ்வளவுதான். மேலே காற்று கடல்மட்டத்தைவிட சுமார் 13 சதவீதம் மெலிந்திருக்கும். டர்போ அதை அமுக்கித் திணித்துவிடுவதால் இரண்டு வண்டிக்குமே அது பொருட்டில்லை. பெரிய எஞ்சினில் ஒரு சுகம் உண்டு. கியரைக் குறைக்காமல் வளைவிலிருந்து நிமிரலாம். அது சுகம்தான், தேவை இல்லை. சுகத்துக்காக வாங்குவதும் தப்பில்லை, அப்படிச் சொல்லிக்கொண்டு வாங்கினால்.

ஏறுவதைவிட இறங்குவதைத்தான் கவலையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 2.2 டன் வண்டி சுமார் 1,100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றலில் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகக் கரைய வேண்டும். இரண்டு வண்டியிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெரிய எஞ்சின், கியரில் இறங்கும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பிடிக்கும். மற்றபடி, எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்வதை மீறாதவருக்கு இரண்டும் ஒன்றே.

மூன்றாவது குறையில் அண்ணன் பக்கம் நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் களத்திலிருந்து மேல் காட்டுக்குப் போகும் தடத்தில் வண்டி மாட்டிக்கொள்கிறது. "நாலு சக்கரமும் இழுக்குதுன்னுதானே காசு குடுத்தோம்?" என்று கேட்டார். நாலு சக்கர இழுவை என்ற பேரே பாதி உண்மைதான்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சக்கரங்களுக்கு இடையில் ஒன்றரை மீட்டர் என்றால், அரைவட்டம் திரும்பும் ஒரு கொண்டை ஊசியில் அந்த வித்தியாசம் 4.7 மீட்டர். வளைவு சின்னதோ பெரியதோ, இந்தக் கணக்கு மாறாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் பூட்டினால் டயர் தேய்ந்தே செத்துவிடும். அதற்காகத்தான் நடுவில் டிஃபரன்ஷியல். இரண்டு சக்கரத்துக்கும் வேறுவேறு வேகத்தை அனுமதிக்கும், ஆனால் விசையை மட்டும் சரிசமமாகப் பங்கு பிரிக்கும். இந்த நேர்மைதான் சேற்றில் வினை. ஒரு சக்கரம் சகதியிலோ அந்தரத்திலோ இருந்தால் அதைச் சுற்ற விசையே வேண்டியதில்லை. அதற்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லைதான். முன் அச்சிலும் இதே கதை. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் குறுக்காக ஒன்றும் பிடி விட்டால், நாலு சக்கர வண்டி நடுக்காட்டில் இரண்டை மட்டும் விசிறிபோலச் சுற்றிக்கொண்டு நிற்கும். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பின் அச்சு ஒரே உலக்கை மாதிரி ஆகிவிடும், பிடி உள்ள சக்கரம் வண்டியை வெளியே தள்ளும். அண்ணன் வண்டியில் அது இல்லை. இரண்டுக்கும் உள்ள மெய்யான வித்தியாசம் என்று என்னால் கை வைத்துச் சொல்ல முடிந்தது இது ஒன்றைத்தான்.

"வருஷத்துல எத்தனை நாள் மாட்டுது?" என்றேன். "நாலு... அஞ்சு" என்றார். "டிராக்டர் வந்து இழுக்க அரை மணி நேரம்" என்றார் அண்ணி.

பிறகு பணம். சேலம் தரகர் 13 லட்சம் என்றாராம். அண்ணன் 18க்குக் குறையமாட்டேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். 1990இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப்பேருக்குக் காப்பிக் குவளைகளைக் கொடுத்து விற்கச் சொன்ன சோதனையை வெளியிட்டார்கள். குவளை கையில் வந்து சில நிமிடங்கள்தான். ஆனாலும் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடக் குவளைக்கே அப்படியென்றால், அண்ணன் மகளை முதல்முதலாகக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவந்த வண்டிக்கு அஞ்சு லட்சம் கூடச் சொல்வதில் வியப்பில்லை. தரகருக்குத்தான் அந்தக் கல்லூரி தெரியாது.

மைலேஜிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. அண்ணனுக்கு மலையில் லிட்டருக்கு 11. தெரிந்தவர் ஒருவருடைய ஹைலக்ஸ் 10 தருகிறதாம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் 109 லிட்டர், டீசல் 93 ரூபாய் என்றால் பத்தாயிரம் சொச்சம். வண்டி மாற்றும் தொகைக்கு முன்னால் இது சில்லறை. ஆனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் நம் பழக்கமே தவறாக வழிகாட்டும் என்று லாரிக், சோல் என்ற இருவர் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 18 தரும் காரை விற்று 24 தரும் கார் வாங்குவது பெரிய சிக்கனமாகத் தெரியும். 8 தரும் பழைய ஜீப்பை 10 தருவதாக மாற்றுவது அற்பமாகத் தெரியும். நூறு கிலோமீட்டருக்கு முதலாவது மிச்சம் பிடிப்பது 1.4 லிட்டர், இரண்டாவது 2.5. அண்ணனின் கொட்டகையில் அப்படி ஒரு ஜீப் நிற்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசக்கூடாது, அது பெரியப்பா ஓட்டியது.

ஆடியில் பேசியபோது, "இப்போதைக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்ப்பா" என்றார். பஞ்சர் கடைப் பையனுக்கும் ஒட்டுத்தாளைக் காட்டிவிட்டாராம்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஃபோன். பின்னணியில் மழைச் சத்தம், எஞ்சின் உறுமல், யாரோ "கல்லு வைங்க, கல்லு வைங்க" என்று கத்துவது.

"தம்பி, ரெண்டு சக்கரம் மட்டும் சுத்துதுடா. நீ சொன்ன மாதிரியே."

"டிராக்டர்?"

"ராத்திரியே டயர் பஞ்சர்." கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. "ஏன்டா, அந்த லாக்கை மட்டும் தனியா வாங்கிப் போட முடியாதா?"