தண்டுவடக் காயத்துக்கு உயிரணு மாற்றுச் சிகிச்சை: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் கழுத்தெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் காயமடையலாம். வயதானவர்களுக்கு இக்காயம் ஏற்பட முக்கியக் காரணம் கீழே விழுவதுதான். கை கால் அசையாமல் போனவர்களின் குடும்பத்தார், “குருத்தணு ஊசி போட்டால் நடக்கலாம்” என்ற விளம்பரங்களைப் பார்த்துச் சேமிப்பை எல்லாம் செலவிட எண்ணுவதுண்டு. அதற்கு முன் இதைப் படியுங்கள்.

தண்டுவடக் காயம் ஏன் எளிதில் ஆறுவதில்லை?

மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டு செல்வது தண்டுவடம். தோலில் வெட்டுப்பட்டால் புதிய தோல் வளரும். தண்டுவட நரம்புகள் அப்படி வளர்வதில்லை. காயம்பட்ட இடத்தில் தழும்பு உண்டாகி வழியை அடைத்துவிடுகிறது.

உயிரணு மாற்றுச் சிகிச்சை என்றால் என்ன?

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களை நோயாளியின் உடலில் செலுத்துவதே இச்சிகிச்சை. அவை சேதமடைந்த நரம்புகளுக்குத் துணைபுரியும், புதிய இணைப்புகள் உருவாக உதவும் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு.

இதுவரை கிடைத்த பலன் என்ன?

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் இத்தகைய சிகிச்சையைத் தொடங்கியது. காயமடைந்த சில வாரங்களுக்குள் நான்கு பேருக்கு, ஒவ்வொருவருக்கும் சுமார் 20 லட்சம் உயிரணுக்கள் செலுத்தப்பட்டன. 2025இல் வெளியான முடிவுகளின்படி, கடுமையான பக்கவிளைவு ஏதும் தெரியவில்லை. இருவருக்கு அசைவு கூடியது. அவர்களில் ஒருவர் எழுந்து நின்று நடைப் பயிற்சி பெற்றார். மற்ற இருவருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால், நான்கு பேரை வைத்து முடிவு செய்ய முடியாது. காயமடைந்த முதல் சில மாதங்களில் உடல் தானாகவும் ஓரளவு தேறக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் காயமடைந்தவர்களுக்கு இதே பலன் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஆபத்து உண்டா?

உண்டு. கிருமித்தொற்று, இரத்தக்கசிவு, வலி ஏற்படலாம். மூக்கின் உட்பகுதித் திசுவிலிருந்து எடுத்த உயிரணுக்களைத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் கட்டி வளர்ந்ததாக 2014இல் மருத்துவர்கள் தெரிவித்தனர்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

• இச்சிகிச்சைக்கு அந்த நாட்டுச் சுகாதார அதிகாரிகளின் அனுமதி உள்ளதா?
• இது ஆய்வு என்றால், ஏன் கட்டணம் கேட்கிறார்கள்? முறையான ஆய்வுகளில், சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை.
• ஆபத்துகளை எழுத்தில் தருகிறார்களா?
• ஒரே ஊசி பல நோய்களைத் தீர்க்கும் என்கிறார்களா? அப்படியானால் விலகிக்கொள்ளுங்கள்.

பதில்களை உங்கள் மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள்.

இன்று பலன் தருபவை

• இயன்முறைப் பயிற்சியையும் அன்றாட வேலைகளுக்கான பயிற்சியையும் விடாமல் செய்யுங்கள்.
• படுக்கையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண்ணைத் தவிர்க்கலாம்.
• சிறுநீர் கலங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.
• குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் பொருத்துங்கள்.

யாரேனும் விழுந்து கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல் அல்லது அசைவின்மை இருந்தால், அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொண்டு உடனே 995ஐ அழையுங்கள்.