உஷார்! அமுக்கிப் பார்த்து சைக்கிள் சீட் வாங்காதீர்கள்

கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறீர்கள். மெத்தென்று உள்ளே போகிறது. “இதையே மாட்டிடுங்கண்ணே” என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைத் தாண்டி, பல்லவர் குடைவரைகளைப் பார்க்க மாமண்டூர் ஏரிக்கரைக்கு வண்டியை விடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் கால்களுக்கு நடுவே மரத்துப் போகிறது. நிறுத்துங்கள்! இறங்குங்கள்!

காஞ்சிபுரம் ஊருக்குள் கைலாசநாதர் கோயிலுக்கும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் போய்வர எந்த சீட்டானாலும் சமாளித்துவிடலாம். ஏரிக்கரை அப்படியில்லை. சரளைக்கல், டிராக்டர் தடம், காய்ந்து இறுகிய சேறு என்று ஒவ்வொரு குலுக்கலும் சீட் வழியாக நேரே உடம்புக்கு ஏறுகிறது.

உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே இடுப்புக்கு அடியில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் குத்துமே, அவைதான். அவற்றுக்கு நடுவே பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. ஸ்பாஞ்சும் ஜெல்லும் அதிகமான சீட்டில் எலும்புகள் அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த அளவுக்கு நடுப்பகுதி மேலே பிதுங்கி, நசுங்கக் கூடாத இடத்தை நசுக்கும். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியவே தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறிப் பலகையில் உட்கார்ந்து நெய்பவரைப் பாருங்கள். பலகை கெட்டிதான், ஆனால் எடை எலும்பில் நிற்கிறது. நல்ல சீட்டும் அப்படித்தான் தாங்க வேண்டும்.

“பழகினா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. புதிதாக ஓட்டுபவருக்கு எலும்பு வலி சில நாளில் பழகிவிடும். மரத்துப் போவது பழகக் கூடாது. நரம்பு நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி அது.

1997ல் பாஸ்டன் நகரச் சிறுநீரியல் மருத்துவர் இர்வின் கோல்ட்ஸ்டீன், சைக்கிள் சீட் ஆண்மையைப் பாதிக்கும் என்று சொன்னதில் அமெரிக்க சைக்கிள் உலகமே கலங்கியது. அவ்வளவு பயப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. 2018ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சைக்கிள் ஓட்டும் ஆண்களுக்கும் நீந்துபவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மரத்துப் போவது உண்மை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் அது கூடுகிறது. அவ்வப்போது எழுந்து நின்று மிதித்தால் குறைகிறது. கரடுமுரடான பாதைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் டாக்டர்கள், தினமும் மணிக்கணக்கில் மலைப்பாதையில் ஓட்டும் ஆண்களை ஸ்கேன் செய்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விதைப்பையில் சிறு மாற்றங்களாவது இருந்தன.

ஒரு பட்டுப்புடவைக்காகப் பத்துக் கடை ஏறி இறங்கும் ஊர் இது. சீட்டுக்கு மட்டும் ஏன் அவசரம்? உள்ளே நெளிநெளியாக மடிப்பு வைத்த அட்டைப்பெட்டித் துண்டைத் தரையில் போட்டு, முழங்காலை உயர்த்தி அழுத்தி உட்காருங்கள். இரண்டு குழிகள் விழும். அவற்றின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, சுமார் 2 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த அகலம்தான் உங்கள் சீட். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் சற்று அகலம் வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இந்த இடைவெளி அதிகம். அண்ணன் சீட் தங்கைக்குச் சரிப்படும் என்று எண்ண வேண்டாம். கெட்டியான, நடுவில் பள்ளமோ பிளவோ உள்ள சீட்டாகத் தேடுங்கள். பழைய ஸ்பிரிங் சீட் நிமிர்ந்து மெதுவாகப் போகிறவருக்கு அருமையானது. முன்னால் சாய்ந்து மிதிக்கும் கியர் சைக்கிளுக்கு ஒத்துவராது.

மாட்டும்போது சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்க விடாதீர்கள், மட்டமாக இருக்கட்டும். மேடுபள்ளம் வந்தால் இரு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலை லேசாக மடக்கி, சீட்டிலிருந்து எழுந்துவிடுங்கள். அடியில் தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். இறங்கிய பிறகும் மரமரப்பு போகாவிட்டாலோ சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

வாடகை வண்டியோ தம்பியின் வண்டியோ எடுப்பவர்கள் கூடுதல் உஷார்! உயரம் போதவில்லை என்று சீட் கம்பியை இஷ்டத்துக்கு மேலே இழுக்கிறார்கள். பல கம்பிகளில் இதற்கு மேல் தூக்காதே என்று ஒரு கோடு வெட்டியிருக்கும். அது வெளியே தெரிந்தால் உள்ளே பிடிப்பு போதாது என்று பொருள். பள்ளத்தில் இறங்கும் ஒரே அடியில் கம்பி முறியலாம், பிரேமே விரியலாம். கோடு தெரிந்தால் அந்த வண்டி உங்களுக்குச் சிறியது. வேறு வண்டி கேளுங்கள். கோடு உள்ளே இருந்தாலும், கிளம்பும் முன் சீட்டை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஆடினால் ஸ்பேனர் கேட்டு அங்கேயே இறுக்கிக்கொள்ளுங்கள்.