காற்று வரும் வழி

நாம் நாள்தோறும் வழங்கும் ‘ஜன்னல்’ என்னும் சொல், போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’ என்பதிலிருந்து வந்தது. நம் பழந்தமிழ்ச் சொல்லோ ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சாளரத்தின் முதற்பணி யாது என்பதை நம் முன்னோர் அதன் பெயரிலேயே பொதிந்து வைத்தனர்.

குளிர் நாடுகளில் அதன் பணி வேறு. அங்கே ஒளி உள்ளே வரவேண்டும். வீட்டின் வெப்பம் வெளியேறலாகாது. ஆகவே ஜெர்மனி, ஸ்வீடன் முதலிய நாடுகளில் இரண்டு, மூன்று கண்ணாடிகளை இடைவெளி விட்டுப் பொருத்துகின்றனர். வெயில் மிகுந்த எகிப்திலோ, பழைய இல்லங்களின் மரப்பின்னல் சாளரங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியைப் பாருங்கள். அங்குக் குடியேறிய பிரெஞ்சுக்காரர், உயர்ந்த சாளரங்களுக்குச் சாய்வான மரச்சட்டங்கள் கொண்ட கதவுகளை அமைத்தனர். கதவு மூடியிருந்தாலும் காற்று நுழையும். தமிழர் தெருக்களின் பழைய வீடுகளில் முற்றமே பெருஞ்சாளரமாய் விளங்கியது.

சாளரத்தை அடைத்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு சாளரங்களைக் கணக்கிட்டு வீட்டுவரி விதித்தனர். வரிக்கு அஞ்சிப் பலர் அவற்றைச் செங்கல்லால் அடைத்தனர். காற்றும் ஒளியுமற்ற வீடுகள் நோய்க்கு இடமாகின்றன என மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். 1851-இல்தான் அவ்வரி ஒழிந்தது.

இன்று நமக்கு அத்தகைய வரி இல்லை. எனினும் முகையூர் வட்டாரத்தில் புதுமனைகளை மந்திரிக்கச் செல்லும்போது நாம் காண்பதென்ன? முற்றம் மறைந்துவிட்டது; பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடிச் சாளரங்கள் வந்துள்ளன. இரு கதவு கொண்ட அத்தகைய சாளரத்தில் ஒரு பாதிதான் திறக்கும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவில் அனலை இறக்க, குழந்தைகளும் முதியோரும் உறக்கமின்றித் தவிக்கின்றனர். காசநோய்க் கிருமியும் காற்றோட்டமற்ற அறையில்தான் நெடுநேரம் தங்கும்.

ஆதலால், வீடு கட்ட முனையும் குடும்பத்தினரே, கடைக்கால் தோண்டுமுன்பே கொத்தனாரிடம் பேசுங்கள். ஒவ்வோர் அறையிலும் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் அமையட்டும். காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும். சுடுகாற்று மேலே எழுவதால், கூரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும். வெயிலுக்குச் சாரக்கூரையும் கொசுவுக்கு வலையும் போதும்.

ஏற்கெனவே கட்டியவர்களும் கவலற்க. பீரோவை வைத்து மறைத்த ஜன்னல் ஒன்று பல இல்லங்களில் உண்டு. இன்றே அதை நகர்த்தித் திறந்து வையுங்கள்.