வினைகளின் வீதி – 12: கப்பல் ஓடினவர்களின் ஊரில் 'ரன்'

வல்வெட்டித்துறையில் பழைய கடலோடி ஒருவரைப் பற்றிக் கேட்டால், "அவர் அந்தக் காலத்தில கப்பல் ஓடினவர்" என்பார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இது இடறும். கப்பல் ஓடும், மனிதர் அதை ஓட்டுவார் என்பதுதானே கணக்கு? 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யும் 'கப்பலோட்டிய தமிழன்'தான். யாழ்ப்பாணத்தாரோ காரும் ஓடுவார்கள், பஸ்ஸும் ஓடுவார்கள். "உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்பார்கள். தன்வினையான 'ஓடு', பிறவினையான 'ஓட்டு'வின் வேலையையும் பேச்சில் எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த வாரம் நாம் பார்க்கும் 'ரன்' என்ற ஆங்கில வினையின் கதையும் இதுதான்.

பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு 'ரின்னன்' என்றொரு சொல்லும், குதிரை போன்றவற்றை ஓடச் செய்வதற்கு 'ஏர்னன்' என்றொரு சொல்லும் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே 'ரன்' ஆயின. ஆகவே ஆறும் ரன், ஆலையை இயக்குவதும் ரன். இரண்டு வினைகளின் சுமையை ஒன்று தூக்கியதால் அதன் பொருளும் பெருகியது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இச்சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவருக்கு இந்த ஒரு வேலைக்கே ஏறத்தாழ ஒன்பது மாதம் பிடித்தது. வினையாக மட்டும் அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645.

இப்படிக் கலக்காமல் தப்பிய சோடிகளும் ஆங்கிலத்தில் உண்டு. 'சிட்' என்றால் இரு, 'செட்' என்றால் இருத்து. 'ஃபால்' என்றால் விழு, மரம் தறிக்கிறவர்கள் சொல்லும் 'ஃபெல்' என்றால் விழுத்து. யாழ்ப்பாணப் பேச்சிலும் இருத்துவதும் விழுத்துவதும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 'ஓட்டு' மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

கடலில் 'ரன்' எப்படியெல்லாம் வரும் என்று பார்க்க வல்வெட்டித்துறையின் அன்னபூரணியையே எடுத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் கட்டப்பட்ட, 89 அடி நீளமான பாய்க்கப்பல் அது. வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையோடு வல்வெட்டித்துறைக் கடலோடிகள் சிலர் அதைச் சுயஸ் வழியாக, அத்திலாந்திக்கையும் கடந்து அமெரிக்கா கொண்டுபோனார்கள். 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'.

அத்தகைய கப்பல் பின்காற்றில் பாய் விரித்துப் போவதை ஆங்கில மாலுமி 'ரன்' என்பான். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும் பயணமும் 'ரன்'தான். நாமும் அதை ஓட்டம் என்கிறோம். கப்பல் மணற்திட்டில் ஏறி நின்றுவிட்டாலும் ஆங்கிலத்தில் 'ரன்' வரும். நமக்கோ அது தரைதட்டல். சுங்கத்துக்குத் தெரியாமல் சரக்கு இறக்குவதும், கடற்படையின் காவலை ஊடறுத்துப் படகைக் கொண்டுபோவதும்கூட ஆங்கிலத்தில் 'ரன்'தான். இந்த இரண்டு பொருளையும் வல்வெட்டித்துறைக் கரைக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கரை ஏறியபின் இரு மொழிகளும் சில இடங்களில் ஒன்றாகவே போகின்றன. படம் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, நாளங்களில் இரத்தம் ஓடுகிறது. கிரிக்கெட்டில் எடுப்பதை இலங்கைப் பத்திரிகைகள் 'ஓட்டம்' என்றே எழுதுகின்றன, தமிழ்நாட்டில்தான் 'ரன்'.

பிரியும் இடங்களில்தான் மாணவர் தடுமாறுவார். ஆங்கிலேயர் கடையை 'ரன்' பண்ணுவார். நாம் கடையை நடத்துவோம், அதாவது ஓட விடாமல் நடக்கவைப்போம். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுவார், பிரித்தானிய வேட்பாளர் நிற்பார். இதில் நாம் பிரித்தானியர் பக்கம்: நம்மவரும் தேர்தலில் நிற்பவர்தான். சீனி தீர்ந்துபோனால் நமக்கு முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கும் ஓட்டம்தான்.

ஆகவே 'ரன்' வரும் வாக்கியத்தைக் கண்டால் முதலில் ஓடுவது எது, ஓட்டப்படுவது எது என்று பாருங்கள். 645 பொருளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே 'ஓடு'வை இரண்டு விதமாகவும் பேசிப் பழகிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் 'செட்'. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பிடித்திருந்த சொல் அதுதான்.